ரெண்டு பசங்க இருந்தா அனுப்புங்க

ஐந்து நட்சத்திர ஓட்டலின் மனிதவளத் துறையில், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து மேசை ட்ரெயினிங் மேனேஜருடையது. கேட்டரிங் கல்லூரிகளிலிருந்து ஒரு செமஸ்டர் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் இவர் பொறுப்பு. சென்னையில் என்றால் தரமணியிலுள்ள மத்திய அரசு நிறுவனத்திலிருந்து வருவார்கள். பெயர்ப்பலகையைவிடச் சிறிய தனியார் கல்லூரிகளிலிருந்தும் வருவார்கள். முதல் நாள் எல்லோரும் ஒட்ட வெட்டிய தலை, காலைக் கடிக்கும் கறுப்பு ஷூ, கையில் லாக் புக் என்று ஒரே அச்சாக இருப்பார்கள்.

மேனேஜரின் முதல் படைப்பு சுழற்சி அட்டவணை. ஃப்ரன்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங், சர்வீஸ், கிச்சன் என நான்கு துறைக்கு நான்கு நிறம். பார்த்தால் கண் நிறையும். அதன் ஆயுள், முதல் தொலைபேசி அழைப்பு வரை. "சார், ரெண்டு பசங்க இருந்தா அனுப்புங்க." எதற்கு என்று கேட்பது மரபில்லை. 'பசங்க' என்பதில் பெண்களும் அடக்கம். மூட்டை தூக்க வேண்டியிருந்தால் மட்டும் அடங்க மாட்டார்கள்.

ஃப்ரன்ட் ஆபீஸுக்குத்தான் எல்லோரும் ஆசைப்படுவார்கள். ஏசி உண்டு, கோட் உண்டு. வெளிநாட்டு விருந்தாளி வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்கு அனுப்பியாக வேண்டும் என்பது சட்டம். ஆகவே கோட் போட்டவர் நாள் முழுக்கப் பாஸ்போர்ட்டை நகலெடுப்பார்.

கிச்சன் வேறு உலகம். பிரெஞ்சுச் சமையலின் ஐந்து மூல சாஸ்களையும் மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவர் அங்கே பூண்டு உரிப்பார். எஸ்காஃபியே என்ற பிரெஞ்சுக்காரர் சமையலறையைப் பட்டாளம்போலப் படிப்படியாக அடுக்கிவிட்டுப் போனார். இந்த ஓட்டலில் அந்த அடுக்கின் கடைசிப் படியில் கமி என்ற இளநிலைச் சமையல்காரர் நிற்கிறார். ட்ரெயினிக்குப் படியே இல்லை. மேனேஜர் அனுப்பினார், அதனால் இருக்கிறார்.

ஹவுஸ்கீப்பிங்கில் அறைக்கு அரை மணி, ஷிஃப்டுக்கு 16 அறை என்பது பழைய கணக்கு. கூட ஒரு ட்ரெயினி சேர்ந்தால் இன்னும் நாலு அறை முடியும் என்று சூப்பர்வைசர் நம்புவார். சூட் அறைக் கண்ணாடி முன் செல்ஃபி எடுக்கும் நேரத்தை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. இங்கே போட்ட மூன்றாம் நாள் வீட்டிலிருந்து போன் வந்துவிடும். "சார், எம் புள்ள வீட்ல குடிச்ச டம்ளரக்கூட எடுத்து வெச்சதில்ல. அங்க பாத்ரூம் கழுவச் சொல்றாங்களாமே?" "அதுவும் படிப்புதாம்மா" என்பார் மேனேஜர். அந்த அம்மாவின் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அத வீட்லயும் செய்யச் சொல்வீங்களா சார்?"

முகூர்த்த நாளில் நான்கு நிறமும் கலைந்து ஒரே நிறமாகிவிடும்: பாங்க்வெட். ஃப்ரன்ட் ஆபீஸ் கோட்டைக் கழற்றிவிட்டு வரும், கிச்சன் பூண்டு வாசனையோடு வரும். வெந்நீரும் வினிகரும் கலந்து ஆயிரம் ஸ்பூனைப் பளபளக்கத் துடைப்பார்கள். ட்ரெயினி இல்லாமல் கல்யாணமே நடக்காது என்று பாங்க்வெட் மேனேஜர் அன்று உளமாரச் சொல்வார். மறுநாள் அவர்களில் ஒருவர் பெயரும் அவருக்கு நினைவிருக்காது.

வருகைப் பதிவேடு ட்ரெயினிங் மேனேஜரின் இன்னொரு துயரம். கோடையில் மஞ்சள்காமாலை, வயிற்றுப்போக்கு, ஊர்த் திருவிழா எல்லாம் ஒரே வாரத்தில் படையெடுக்கும். அதே கோடையில் கிரிக்கெட் அணி வந்து தங்கினால் காமாலை ஒரே இரவில் குணமாகும். வார விடுமுறைக்காரர்கூட யூனிஃபார்ம் மாட்டி லிஃப்ட் அருகே நிற்பார்.

தேறிய ஒருவரை மேனேஜர் இரண்டாம் மாதமே அடையாளம் கண்டுகொள்வார். வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுமேலாளரிடம் பேசியும் வைப்பார். அந்தத் தேறியவர்தான் கடைசி வாரம் வந்து, கப்பல் கம்பெனிக்கு விண்ணப்பிக்க ஒரு நற்சான்றிதழ் கேட்பார்.

அதே வாரம் லாக் புக்குகள் குவியும். பல மாதக் குறிப்பும் ஒரே மையில், ஒரே ராத்திரியில், ஒரே மூலப்பிரதியைப் பார்த்து எழுதப்பட்டிருக்கும். மூலப்பிரதி பெரும்பாலும் வகுப்பில் நன்றாகப் படிக்கும் ஒரு பெண்ணுடையது. அதனால் மீசை வைத்த இளைஞரின் லாக் புக்கில், விதிப்படி கொண்டையை வலைக்குள் கட்டிப் பணிக்கு வந்ததாக ஒரு வரி இருக்கும். துறைத்தலைவர் ஏற்கெனவே அதன் கீழே 'நன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டிருப்பார். மேனேஜர் அதற்குக் கீழே தம் கையெழுத்தைப் போடுவார்.