எனக்குத் துண்டு போட்ட பாட்டி

நிஷிகசாய், டோக்கியோ

அன்புள்ள சித்திக்கு,

சித்தப்பா, ஆச்சி, உங்கள் முழங்கால் எல்லோரும் நலமா? பேச்சுத் துணைக்கு யாராவது உண்டா என்று போனில் கேட்டீர்களே, உண்டு. எனக்கு முப்பத்தொன்று, அவருக்கு எண்பத்தாறு. உயிர்த்தோழிகள். ஆனால் அந்த விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பக்கத்து வீட்டு ஒபாச்சானைச் சொல்கிறேன். பாட்டியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு டிமென்ஷியா. ஜப்பானில் புதிதாகக் குடிவருகிறவர்கள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய், கைத்துண்டோ சோப்போ சின்னதாக ஏதாவது கொடுத்து, "வந்திருக்கிறோம், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது வழக்கம். ஒபாச்சான் இந்தக் கட்டடத்துக்கு வந்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது. அவர் கணக்கில் நேற்று ராத்திரிதான் லாரியில் சாமான் இறங்கியது. ஆகவே காலையில் மணியடித்து, இடுப்பு மடியக் குனிந்து, வெள்ளையில் நீலப் பூப்போட்ட ஒரு கைத்துண்டை நீட்டுவார். நானும் குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன். எந்த ஊர் என்பார். இந்தியா என்பேன். "ஆ, கறி!" என்று கைதட்டுவார். "தினமும் அதேயா?" "தினமும் அதேதான்." அப்புறம் என் ஜப்பானிய மொழியை ஆகா ஓகோ என்பார். என் அரைகுறைப் பேச்சுக்கு வேறு எந்த வீட்டில் இத்தனை பாராட்டு கிடைக்கும்?

சாயங்காலம் அவருடைய மகள் வந்து துண்டை வாங்கிப் போய், பழையபடி அலமாரியில் வைத்துவிடுவார். சில நாள் கழித்து அதே துண்டு திரும்ப வரும். நம் வீட்டு விசேஷங்களில் சுற்றிச் சுற்றி வரும் சுவர்க்கடிகாரம்கூட இத்தனை வாசல் ஏறியிருக்காது.

இப்படிப்பட்டவர்களோடு எப்படிப் பழகுவது என்று இங்கே வகுப்பே நடத்துகிறார்கள். 2005-இல் தொடங்கிய திட்டம். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் போதும். அடையாளமாக ஓர் ஆரஞ்சு வளையம் உண்டு. கடைக்காரர், பாங்க் ஊழியர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று ஒரு கோடிப் பேருக்கு மேல் படித்துவிட்டார்கள். ஒபாச்சானின் மகள் சொல்லி நானும் போய்வந்தேன். சாரம் மூன்றே வரி: திடுக்கிட வைக்காதே, அவசரப்படுத்தாதே, மானத்தைக் குறைக்காதே. கேட்டதும் நம் பெரிய மாமாவுக்கு ஒரு வளையம் பார்சல் அனுப்பலாமா என்று தோன்றியது.

இதெல்லாம் இருந்தும் சிரமம் சிரமம்தான். டிமென்ஷியாவால் வெளியே போய்க் காணாமல் போனதாகப் போலீசில் பதிவானவர்கள் 2023-இல் மட்டும் 19,000-க்கு மேல். ஒபாச்சானும் ஒருநாள் விடியுமுன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். முன்பு காய்கறிக் கடை வைத்திருந்தவர், மார்க்கெட்டுக்குப் போகிறாராம். கடையை மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது என்று நான் சொல்லவில்லை. கூடவே நடந்தேன். முள்ளங்கியை எப்படித் தட்டிப் பார்த்து வாங்குவது என்று வழிநெடுகப் பாடம். ஸ்டேஷன் பக்கம் வந்ததும், "இன்றைக்கு மார்க்கெட் லீவாம்" என்றேன். மார்க்கெட்காரனை நன்றாகத் திட்டிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினார்.

அவருக்கு நடந்த பரிசோதனையைக் கேளுங்கள். ஹசெகவா என்ற டாக்டர் 1974-இல் உருவாக்கி, பிறகு திருத்திய கேள்வித்தாள் அது, 30 மதிப்பெண். இன்று என்ன தேதி, நூறில் ஏழு போனால் எத்தனை என்றெல்லாம் கேட்பார்கள். தெரிந்த காய்கறிகளைச் சொல்லச் சொல்வார்கள். பத்து சொன்னால் முழு மதிப்பெண். தேதியில் கோட்டைவிட்ட ஒபாச்சான், காய்கறி என்றதும் பத்தைத் தாண்டி விலையோடு சொல்ல ஆரம்பித்து, டாக்டரிடம் "உங்களுக்கு எத்தனை கிலோ?" என்று கேட்டாராம். அந்த ஹசெகவாவுக்கே பிற்காலத்தில் இந்த நோய் வந்தது. 2017-இல் அவரே அதை வெளிப்படையாகச் சொன்னார். ஊருக்கே பரீட்சை வைத்தவர்! நம் பக்கமாக இருந்தால் "வயசானால் அப்படித்தான்" என்று வீட்டோடு மூடி வைத்திருப்போம்.

இப்போது ஆச்சியின் மறதி விஷயம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஆச்சி முகத்துக்கு நேரே குனிந்து, "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்கிறார்கள். தெரியாவிட்டால் ஒரு சிரிப்பு, தெரிந்தால் அதைவிடப் பெரிய சிரிப்பு. பெரியப்பா கல்யாணத்தில் மொய் எழுதாமல் சாப்பிட்டுப் போனவர்களை ஆச்சி இன்றும் பேர் பேராகச் சொல்வாள். அவளுக்கு எதற்கு இந்த நுழைவுத் தேர்வு? வருகிறவர்கள் தாங்களே, "ஆச்சி, நான் மேலத்தெரு செல்வி வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு உட்காரட்டும். நீங்கள்தான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், சித்தி. சித்தப்பா சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒன்று விடாமல் செய்யுங்கள். இந்த மாதமே ஆச்சியை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டுங்கள். தைராய்டு கோளாறு, பி12 சத்துக் குறைவு இவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது. டாக்டர் செலவு என்னுடையது. பணம் நாளைக்கு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்