அசெம்பிளியையே மாத்தணுமாம்!

(கோவை. பகல் 2 மணி. ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வாசலில் ஒரு கார். கண்ணாடி நான்கும் இறக்கிவிடப்பட்டிருக்கின்றன. உள்ளே கிளைமேட் கன்ட்ரோல் இருக்கிறது என்று சொல்லித்தான் விற்றார்கள்.)

கார்க்காரர்: அண்ணா, ஏசி போச்சு. பெரிய சர்வீஸ் சென்டர்ல காட்டினேன். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துட்டு, அசெம்பிளியையே மாத்தணும்னுட்டாங்க.

எலக்ட்ரீஷியன்: அசெம்பிளியை மாத்தறதுக்கு நீங்க ஒருத்தரு போதாதுங்க சார். ஊரே வரிசையில நிக்கோணும்.

கார்க்காரர்: விளையாடாதீங்க. 28,000 ரூபாய் எஸ்டிமேட். கலர் பிரின்ட்ல குடுத்திருக்காங்க.

எலக்ட்ரீஷியன்: கலர்லயா? அப்பச் சரியாத்தானுங்க இருக்கும். காத்தே வர்றதில்லீங்களா?

கார்க்காரர்: நாலாம் நம்பர்ல வெச்சா புயலே அடிக்குது. ஒண்ணு, ரெண்டு, மூணுல மூச்சே இல்லை. இதுக்காக ரெண்டு தடவை கேஸ் வேற அடிச்சாங்க.

எலக்ட்ரீஷியன்: ஃபேன் சுத்தாததுக்குக் கேஸா? மாட்டுக்குக் கால் ஒடிஞ்சா கொம்புக்குப் பெயின்ட் அடிப்பாங்களாட்ட இருக்குது! கேஸ் என்ன பெட்ரோலுங்களா, ஓட்ட ஓட்டத் தீர்றதுக்கு? மூடின குழாய்க்குள்ளயே சுத்தறதுங்க அது. குறைஞ்சா எங்கியோ லீக்குன்னு அர்த்தம். லீக்கைத் தேடினாங்களா?

கார்க்காரர்: தேடல. காபி குடுத்தாங்க.

எலக்ட்ரீஷியன்: நல்லவங்கதான். சரி, நாலுல காத்து வருதுன்னா மோட்டார் உசுரோட இருக்குதுங்க. நாலுல கரண்ட் நேரா மோட்டாருக்குப் போயிரும். மத்த மூணுலயும் ரெசிஸ்டர் வழியா வரோணும். 12 வோல்ட்டுல ஒரு பங்கை ரெசிஸ்டர் சூடாக்கித் தின்னுட்டு, மிச்சத்தைத்தான் மோட்டாருக்கு விடும். ரோடு போட வர்ற பணம் மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்.

கார்க்காரர்: அப்ப அசெம்பிளி...?

எலக்ட்ரீஷியன்: அசெம்பிளியை எத்தனை தடவை மாத்தியிருக்கறோம், புழுக்கம் போச்சுங்களா?

(க்ளவ் பாக்ஸைக் கழற்றுகிறார். இரண்டு திருகு. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய சாமான் ஒன்று கையோடு வருகிறது. மீட்டரை வைக்கிறார், சத்தமில்லை.)

எலக்ட்ரீஷியன்: பாருங்க, தெர்மல் ஃப்யூஸ் போயிருச்சு. மூணு ஸ்பீடுக்கும் இது ஒண்ணுதான் வாசல். அதான் மூணும் ஒண்ணாப் படுத்துருச்சு.

கார்க்காரர்: இதைக் கம்ப்யூட்டர் ஏன் சொல்லல?

எலக்ட்ரீஷியன்: இதுலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயரே போறதில்லீங்க. கையால நாப் திருகற வண்டி இது. டிகிரி செட் பண்ணி உட்டா தானாப் பாத்துக்கற வண்டியில ரெசிஸ்டருக்குப் பதிலா டிரான்சிஸ்டர் மாட்யூல் இருக்கும். அது வேற கதை.

கார்க்காரர்: அப்ப என்னோடது கிளைமேட் கன்ட்ரோல் இல்லையா?

எலக்ட்ரீஷியன்: (அதைக் காதில் வாங்காமல் கேபின் ஃபில்டரை உருவுகிறார். அரைக் கைப்பிடி வேப்பிலைச் சருகு, செம்மண்.) இதுதானுங்க கொலைகாரன். ப்ளோயர் காத்துதான் ரெசிஸ்டரையும் ஆத்தோணும். காத்து அடைச்சா அது வெந்துரும்.

கார்க்காரர்: ஃப்யூஸ் இருந்த இடத்துல ஒரு ஒயரைப் போட்டு முறுக்கிட்டா?

எலக்ட்ரீஷியன்: அதை மட்டும் பண்ணிராதீங்க! மறுக்கா சூடேறினா டேஷ்போர்டே உருகும். அதே டெம்பரேச்சர் எழுதின ஃப்யூஸ்தான் போடோணும். பத்தவெக்கறப்ப காலை இடுக்கியில கவ்விப் பிடிக்கோணும். இல்லீன்னா பத்தவெக்கற சூட்டுலயே புது ஃப்யூஸும் போயிரும்.

கார்க்காரர்: இவ்வளவுதானா! அங்க இது யாருக்கும் தெரியாதா?

எலக்ட்ரீஷியன்: தெரியாமயா? எங்கிட்ட ஆறு வருஷம் வேலை கத்துக்கிட்ட பையன் இப்ப அந்த மாதிரி ஒரு இடத்துலதான் நிக்கறான், இஸ்திரி போட்ட சட்டையோட. கண்ணை மூடிட்டுப் பத்தவெப்பான். ஆனா ஈயத்தைத் தொடக்கூடாதாம். ரிப்பேர் பண்ணினா டார்கெட் வராதாம்! மோட்டார் எரிஞ்சா காயில் கட்டி ஓட்டற ஊருங்க இது. இங்க வந்து, கை வேலை தெரிஞ்சவனைக் கையைக் கட்டி நிக்க வெச்சு, டேஷ்போர்டைப் பிரிச்சு எறியறதுக்குப் பேரு சர்வீஸா? எரியுதுங்க வயிறு.

(சற்று நேரம் பேச்சில்லை. ஈயப் புகை. கப்ளரை மாட்டி, நாப்பை ஒன்றில் வைக்கிறார். மெல்லிய காற்று வருகிறது.)

கார்க்காரர்: ஒண்ணுல வருது! ரெண்டுலயும் வருது!

எலக்ட்ரீஷியன்: அசெம்பிளி கலையலைங்க. பதவிக் காலம் முடியற வரைக்கும் ஓடும்.

கார்க்காரர்: எவ்வளவு ஆச்சு?

எலக்ட்ரீஷியன்: ஃப்யூஸ் 40, புது ஃபில்டர் 250, கூலி 300. கலர் பிரின்ட் கிடையாது.

கார்க்காரர்: காபி?

எலக்ட்ரீஷியன்: எதுத்த கடையில நீங்கதான் வாங்கித் தரோணும். இன்னொண்ணுங்க சார், இனி எங்க எதை மாத்தினாலும் பழைய சாமானைக் கேட்டு வாங்கிட்டு வாங்க. அது நீங்க காசு குடுத்து வாங்கினது.