திரெட்டைக் கூட்டுலே, தாராளமா கூட்டு

ஏலே பேராண்டி, சர்வர் திணறுதுன்னா உடனே திரெட்டைக் கூட்டுதியே, அந்த மூளை உங்க ஆச்சி வழிதான். டாம்கேட்ல தானா இருந்த 200-ஐ 800 ஆக்கிட்டே. நாளைக்கு 3,000 ஆக்கு. உன் முதலாளி காசுதானே போவுது!

நீ போன்ல கத்துததெல்லாம் திண்ணையில கெடந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒருத்தன் 500 எம்பி கல்யாண வீடியோ ஏத்துதான். அவன் லைன் நொடிக்கு 2 மெகாபிட். அரை மணிக்கு மேல ஆவும். அதுவரைக்கும் உன் திரெட்டு சொட்டுச் சொட்டா வார பைட்டைப் பாத்துக்கிட்டு நிக்கி. இந்த மாதிரி 800 பேரு வந்தா, லாகின் பண்ண வந்தவன் வாசல்லயே காயுதான். சிபியு தூங்குது. நீயோ, மெஷின் நல்லாத்தான் இருக்குங்கே.

கெழவி படி படியா நெல்லைக் கொண்டாந்து கொட்டட்டும்னு எந்த மில்லுக்காரனாவது மெஷினை ஓடவிட்டு நிப்பானா? எல்லாத்தையும் மொதல்ல முத்தத்துல எறக்கும்மாம்பான். அந்த முத்தந்தான் என்ஜின்எக்ஸ். வந்த கோப்பு முழுசையும் டிஸ்க்குல வாங்கி வச்சிக்கிட்டுத்தான் உன் திரெட்டைக் கூப்பிடுவான். அந்தப் பஃபரிங் தானாவே ஆன்ல இருக்கு. நீ மெனக்கெட்டு ஆஃப் பண்ணியாமே! 1 எம்பிக்கு மேல வந்தா 413-ன்னு வெரட்டுதான்னு, அளவை 0 போட்டு வரம்பையே தூக்கிட்டியாம். சவுரியம். எந்தப் பயலும் எதையும் கொட்டிட்டுப் போலாம்.

இதுல கோப்பை மொத்தமா ராம்ல வேற வாங்குதே. 200 பேருக்கு 500 எம்பின்னா 100 ஜிபி ஆச்சே, மாமனார் சீதனமா தாராரா? ஜாங்கோகாரன் 2.5 எம்பி தாண்டுனா தற்காலிகக் கோப்புல தள்ளிருதான். அவனுக்கென்ன, சிக்கனக்காரன்.

இன்னும் சோம்பேறியா இருக்கணுமா? நேரா அமேசான் எஸ்3-ல துண்டு துண்டா ஏத்திக்கோன்னு, துண்டுக்கு ஒண்ணா கையெழுத்துப் போட்ட யூஆர்எல்லைக் கொடுத்துட்டு ஒதுங்கிக்கோ. ஏத்துதவன் கடைசித் துண்டு தவிர மத்ததெல்லாம் 5 எம்பிக்குக் கொறையாம வெட்டி அனுப்புவான். லைன் அறுந்தா, போவாத துண்டை மட்டும் திரும்ப அனுப்பினா போதும். பைட்டைப் பாத்துக்கிட்டு நிக்குத சோலியே உன் திரெட்டுக்கு இல்ல.

ஆனா பாதியில ஓடிப்போனவன் விட்டுட்டுப் போன துண்டு அங்கனயே கெடக்கும், அதுக்கும் அமேசான்காரன் வாடகை வாங்குவான். இத்தனை நாள்ல தூக்கிப்போடுன்னு ஒரு விதி எழுதி வச்சிருப்பியே? முழிக்கே பாரு.