குழந்தைகுட்டியோடு வந்த கம்பெனி

குடும்பத்தோடு டூர் கிளம்புவது சாதாரண விஷயமா? வேன் பிடிக்க வேண்டும், பாட்டிக்கு ஜன்னல் சீட், பேரனின் வாந்திக்கு பாலிதீன் பை. இதையே பாதி உலகத்தைச் சுற்றி மரக்கப்பலில் செய்தது ஒரு கூட்டம். பழவேற்காட்டுக்கு வந்த டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களைத்தான் சொல்கிறேன். வந்தவர்கள் லேசில் கிளம்பவும் இல்லை. இருநூறு வருஷம் டேரா!

1610-ல் விஜயநகர அரசர் வேங்கடபதி ராயர் 'தங்கிக்கொள்ளுங்கள்' என்றார். ஏற்கெனவே சாந்தோமில் ரூம் போட்டிருந்த போர்த்துக்கீசியருக்கு வயிறு எரிந்தது. 1612-ல் வந்து டச்சுக்காரர்களின் பண்டகசாலையை அடித்து நொறுக்கினார்கள். ரிவ்யூவில் ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போயிருக்கலாம், ஆனால் அப்போது நெட் இல்லை.

பதிலுக்கு 1613-ல் கோட்டையே எழும்பியது. பெயர் கெல்ட்ரியா, தலைவர் வெம்மர் வான் பெர்கெமின் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாக. அம்பத்தூரில் ஃப்ளாட் வாங்கிய மதுரைக்காரர் 'வைகை இல்லம்' என்று போர்டு மாட்டுவாரே, அதே வியாதி. என்ன, இவர் போர்டுக்குப் பின்னால் பீரங்கியும் வைத்தார்.

இடம் பிடித்த சாமர்த்தியத்தைப் பாருங்கள். பழவேற்காடு ஏரியில் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். முகத்துவாரத்தை மணல் எப்போது மூடும் என்று கடலுக்கே தெரியாது. பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் படகில் இறங்கி, அலையில் நனைந்து கரை சேர வேண்டும். ஏழு கடலைத் தாண்டிய மகா கம்பெனி, கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு உள்ளூர் படகோட்டியின் தயவில் இருந்தது.

சரி, குடும்பங்கள் தங்கும் இடம், பிள்ளைகளுக்கு ப்ளே ஏரியா? வெடிமருந்து ஆலை கட்டினார்கள் ஐயா, வெடிமருந்து ஆலை!

வந்தது துணி வாங்க. கூடவே ஆளையும் வாங்கினார்கள். பஞ்சத்தில் விலைபோனவர்களைக் குழந்தைகளோடு சேர்த்து, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். இந்த இடத்தில் எனக்கு ஜோக் வரவில்லை.

ஞாயிறு பிரசங்கம் செய்ய 1632-ல் வந்தவர் பாதிரியார் அபிரகாம் ரோஜீரியஸ். அவர் கடைசியில் பத்மநாபன் என்ற பிராமணரிடம் பர்த்ருஹரியின் பாடல்களைக் கேட்க உட்கார்ந்துவிட்டார். இருவருக்கும் பாலம் எந்த பாஷை தெரியுமா? போர்த்துக்கீசியம்! பீரங்கி யாரைப் பார்த்து நீட்டியிருந்ததோ, அவர்கள் பாஷையில்தான் கோட்டைக்குள் வேதாந்தம். ரோஜீரியஸ் எழுதி வைத்ததை 1651-ல் அவருடைய விதவை மனைவி அச்சேற்றினார். அந்த டூர் லக்கேஜில் உருப்படியாக ஊர் திரும்பியது அதுதான் என்பது என் கட்சி.

1690-ல் டச்சுத் தலைமையகம் நாகப்பட்டினத்துக்கு ஷிஃப்ட். 1781-ல் ஆங்கிலேயர் நாகையைப் பிடுங்கிக்கொள்ள, மூட்டைமுடிச்சோடு மறுபடியும் பழவேற்காடு. 1795-ல் ஆங்கிலேயர் இங்கேயும் வந்து, பிறகு கோட்டையை இடித்தும் தள்ளினார்கள். 1818-ல் பெரிய மனசு பண்ணி ஊரைத் திருப்பிக் கொடுத்தார்கள், இடிபாடுகள் உட்பட! 1825-ல் டச்சுக்காரர்கள் ஒருவழியாக செக்-அவுட்.

மிச்சம் கல்லறைத் தோட்டம். வாசலில் காவலுக்கு இரண்டு கல் எலும்புக்கூடுகள். உள்ளே கருங்கல் பலகைகளில் குலச்சின்னம், தலைக்கவசம், பதவி, பட்டம் எல்லாம் செதுக்கியிருக்கிறது. செத்த பிறகும் விசிட்டிங் கார்டு நீட்டுகிறார்கள்! இன்றைக்கு வரும் வாண்டுகளோ அதையெல்லாம் சட்டை செய்யாமல் எலும்புக்கூட்டோடு செல்ஃபி எடுக்கின்றன.

இத்தனை பீரங்கிக்காரர்களுக்கும் வராத ஒரு வித்தை கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பத்து மீனவர்களுக்கு வரும். 'பாடு' என்பார்கள். இன்று ஏரியில் இந்த இடத்தில் யார் சுத்து வலை கட்டுவது, நாளை யார் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. சண்டை வராமல் இல்லை, வந்தால் பஞ்சாயத்து. குளிர்காலத்தில் குடும்பம் குடும்பமாக வந்திறங்கும் பூநாரைகள் மட்டும் முறையும் கேட்பதில்லை, வாடகையும் தருவதில்லை.