மோகினிக்கு வாகனம் இல்லை

குடுமியான்மலை சிகாநாதசுவாமி கோயில் மண்டபத்துத் தூண்களில் நாயக்கர் காலச் சிற்பங்கள் வரிசையாக நிற்கின்றன. ரதி, மன்மதன், மோகினி எல்லோரும் உண்டு. சிற்ப மரபில் ரதிக்கு அன்னம், மன்மதனுக்குக் கிளி. மோகினிக்கு மட்டும் எந்த வாகனமும் கிடையாது. இதைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

திருமலை பிரம்மோற்சவத்தின் ஐந்தாம் நாள் காலையில் பெருமாள் மோகினிக் கோலத்தில் பல்லக்கில் எழுந்தருள்கிறார். இரவு, அதே பெருமாளுக்குக் கருட சேவை. பெண்கோலம் களைந்த பிறகுதான் கருடன் தோள் கொடுக்கிறான். தெய்வம் இன்னாரென்று நாம் வாகனத்தையும் கொடியையும் வைத்தே அறிகிறோம். ஆணாயிருந்து பெண்ணாய் வந்தவளுக்கு அந்த அடையாளம் எழுதப்படவே இல்லை.

பிள்ளைக்குக் கிடைத்தது. சிவனுக்கும் அந்த மோகினிக்கும் பிறந்த ஐயனாருக்கு யானையும் குதிரையும் வாகனம். குடுமியான்மலை இருக்கும் மாவட்டத்திலேயே, குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட ஐயனார் கோயில் குதிரையின் உயரம் சுமார் 33 அடி. மாசி மகத்தன்று காகிதப்பூ மாலைகளுக்குள் அது மறைந்தே போகும்.

மற்ற ஊர்களில் ஐயனாருக்கு மண்குதிரை செய்து நிறுத்தும் புரவி எடுப்பு. ஊரார் பிடிமண் கொடுத்ததும் குயவரான வேளார் கண்மாய்க் களிமண்ணில் வைக்கோல் கலந்து மிதிக்கிறார். முதலில் நான்கு கால்கள், உள்ளே பொள்ளலாக. அவை சற்று இறுகிய பிறகே வயிறும் கழுத்தும் ஏறும். சூளையில் வெந்து, வண்ணம் பூசி, கண் திறந்ததும் தோளில் தூக்கிப்போய்க் கோயில் வெளியில் நிறுத்துவார்கள். பிறகு மழை பார்த்துக்கொள்ளும். ஓரிடத்துக்கென்றே செய்வது, சுற்றி நடந்து பார்க்கவைப்பது, அழியவிடுவது: கலைக்கூடங்கள் இன்று நிறுவல் கலை என்று சொல்வதற்கு வேளாரிடம் இலக்கணம் எப்போதோ இருந்திருக்கிறது.

கூவாகத்திலும் அப்படித்தான். சித்திரைத் திருவிழாவுக்கு, மோகினி மணந்த அரவானின் உடல் தேரில் பகுதி பகுதியாகப் பூட்டப்படுகிறது. திருநங்கையர் அவனுக்காகக் கட்டிய தாலியை மறுநாள் அறுக்கிறார்கள். உடலையும் கலைத்துவிடுகிறார்கள். அரவானின் தாய் உலூபி நாகர் குலத்தவள். அவன் பெயரிலேயே அரவு ஊர்கிறது.

2012இல் ஜெர்மனியின் காசெல் நகர டாக்குமெண்டா கண்காட்சியில் கலைஞர் தேஜல் ஷா வைத்த 'பிட்வீன் தி வேவ்ஸ்' என்ற காணொளி நிறுவலில், மனித உடல்கள் தலையில் ஒற்றைக் கொம்போடு திரிகின்றன. ஹரப்பா முத்திரையின் ஒற்றைக்கொம்பன்தான் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. கொம்பு முளைத்த உடலிடம் 'நீ ஆணா, பெண்ணா?' என்று யாரும் கேட்பதில்லை. திருநங்கையிடம் ஓடுகிற பேருந்திலேயே கேட்கிறோம். தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்றே உறுதி செய்த பிறகும் கேட்கிறோம்.

குடுமியான்மலையில் மோகினிக்கு ஒரு புரவி எடுக்க வேண்டும். பிடிமண்ணை ஒரு திருநங்கை கொடுக்கட்டும்.