காக்காக் கணக்கு

ஏப்பு பேராண்டி, மெட்ராசுல இருந்து பிளேன்ல ஒண்ணேகால் மணி நேரத்துல வந்துட்டேன்னு ஊரெல்லாம் சொல்லித் திரியிறியாமே? நீ குடியிருக்குறது புரசவாக்கம். வந்து சேந்தது வாடிப்பட்டி. மிச்ச நேரத்தை யாரு கணக்குல எழுதுன?

தூரத்தையாச்சும் ஒழுங்காச் சொல்றியா? மெட்ராசுக்கும் மதுரைக்கும் ஆகாசத்துல நேர்க்கோடு போட்டா சுமாரு 420 கிலோமீட்டரு. ரோட்டுல வந்தா 460-ஐ ஒட்டி வரும். தண்டவாளத்துல 490 சொச்சம். நீ காக்கா பறக்குற கணக்கைச் சொல்ற. நம்பரைப் பாத்தியா? நானூத்தி இருவது! எங்க காலத்துல அந்த நம்பரைச் சொன்னாலே போலீசு வந்துரும் அப்பு.

சரி, நேரத்துக்கு வா. டிக்கெட்டுல போட்டிருக்குற ஒண்ணேகால் மணிங்குறது, அங்க பிளேன் நகர ஆரம்பிச்சதுல இருந்து இங்க வந்து நிக்கிற வரைக்குந்தேன். அசல்ல பறக்குறது ஒரு மணி நேரம் முன்னப்பின்ன. வேகந்தேன், ஒத்துக்கிறேன். ஆனா பத்து மணி பிளேனுக்கு எத்தனை மணிக்கு வீட்டைப் பூட்டுன? ஏழுக்கா? மீனம்பாக்கம் போற வரைக்கும் நெரிசல். பெட்டி போடுற கவுண்டரை ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிருவாய்ங்கன்னு, அதுக்கும் முன்னாடி போயி வரிசையில நிக்கணும். பெல்ட்டைக் கழட்டு, கையைத் தூக்கு, பைய ஏழு கிலோவுக்குள்ள அடக்கு. கல்யாண மாப்பிள்ளைக்குக் கூட இம்புட்டுச் சோதனை கெடையாதே!

எறங்குனது அவனியாபுரம் பக்கம். அது மதுரைக்குத் தெக்க. வாடிப்பட்டி வடக்க. வீட்டைத் தாண்டிப் பறந்துபோயி, பெட்டிக்குக் காத்துக் கெடந்து, டாக்சிக்குக் காசு குடுத்துத் திரும்பி வந்திருக்க. வாசல்ல கால் வைக்கையில மணி ஒண்ணு. ஏழுல இருந்து ஒண்ணு வரைக்கும் எம்புட்டு? விரலை மடக்கு.

1977-ல, ஆகஸ்ட்டு பதினஞ்சுல, வைகை எக்ஸ்பிரசு ஓட ஆரம்பிச்சுச்சு. அதுக்கப்புறம் பட்டணத்துக்குப் பகல்லயே போயிரலாம்னு ஆச்சு. இப்ப தேஜசு, எழும்பூர்ல ஏறுனா ஆறரை மணி நேரத்துக்குள்ள மதுரையில விட்டுருது. எழும்பூரு உன் வீட்டுக்குக் கூப்புடு தூரம். ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரசுல படுத்தா தூக்கத்தோட தூக்கமா ஊரு வந்துரும்.

பறக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. மதுரை மல்லி சிங்கப்பூருக்குப் பறக்குது. காலையில பறிச்ச மொட்டு பொழுது சாஞ்சா விரிய ஆரம்பிச்சிரும். அதுக்கு அவசரம் உண்டு. ஆசுபத்திரி, சாவுன்னா நீயும் பறந்து வா, காசைப் பாக்காத. இப்ப உனக்கு என்ன அவசரம்? மிச்சம் பிடிச்ச நேரத்துல என்ன செஞ்ச? திண்ணையில உக்காந்து றெக்கையைப் படம் பிடிச்சதைப் போன்ல போட்ட. எத்தனை பேரு பாத்தாய்ங்கன்னு பொழுதடையிற வரைக்கும் எண்ணுன.

போறப்பவும் பிளேனுதேனா? நல்லாப் போ. கெழவி அதிரசம் சுட்டு வச்சிருக்கா. ஏழு கிலோவுக்குள்ள அடங்குதான்னு நீயே தூக்கிப் பாத்துக்க. அடங்கலேன்னா விட்டுட்டுப் போ. ராத்திரி பாண்டியன்ல போற நம்மூருப் பயகிட்டக் குடுத்து விடுறேன். நீ வீடு போயிச் சேரையில அது உனக்கு முன்னாடி அங்க இருக்கும்.