கிரிக்லேட் எம்.பி. சேப்பாக்கத்தில் இருக்கிறார்

ஜெயித்த பிறகு தொகுதிப் பக்கம் தலைகாட்டாத எம்.பி.யைத் திட்டாத வாக்காளர் உண்டா? ஆனால் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் கிரிக்லேட் என்றொரு சிற்றூர் உண்டு. 1781-இல் அந்த ஊர்க்காரர்களுக்கு வாய்த்த பாக்கியம் நமக்கு வாய்த்ததில்லை. ஊருக்கு இரண்டு எம்.பி.க்கள். ஒருவர் சென்னையில், மற்றவர் கல்கத்தாவில். சாக்கடை சரியில்லை என்று மனுக் கொடுக்க வேண்டுமானால் கப்பலேறி, ஆப்பிரிக்காவைச் சுற்றி, ஆறு மாதம் கடல் பார்த்துவிட்டு வர வேண்டும்.

கிரிக்லேட்காரர்கள் மனுவெல்லாம் கொடுக்கிற ரகமில்லை. அவர்களுக்குச் சேர வேண்டியது தேர்தலுக்கு முன்பே சேர்ந்துவிடும். ஓட்டுக்குக் காசு வாங்குவதில் அந்த ஊர் அடித்த கூத்தைப் பார்த்து, மற்ற ஊர்களில் காசு கொடுத்து ஜெயித்து வந்த பாராளுமன்றமே முகம் சுளித்தது. 1782-இல் தனிச் சட்டம் போட்டுச் சுற்றுவட்டாரத்துக்கும் அந்தத் தொகுதியில் ஓட்டுரிமை கொடுத்தார்கள். வாக்காளர் எண்ணிக்கை கூடினால் விலை கட்டுப்படியாகாது என்ற நல்லெண்ணம்தான்.

கல்கத்தா எம்.பி. ஜான் மெக்பெர்சன், வங்காள மேல் கவுன்சில் உறுப்பினர். தேர்தல் செல்லாது என்று 1782-இல் அவர் பதவி போனது. சென்னை எம்.பி. 1784 வரை அசையவில்லை. நம் கதாநாயகர் அவர்தான், பால் பென்ஃபீல்டு.

1764-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்குச் சென்னை வந்தவர். கட்டட வேலை தெரியும். மதில் கட்டும் காண்ட்ராக்ட் கிடைத்தது. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவரும் அவர்தான் என்று சொல்வது வழக்கம். காண்ட்ராக்டர் எம்.பி. ஆவதை நம் காலத்துச் சாதனை என்று நினைப்பவர்கள் அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்கலாம். சம்பளம் ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு. ஊரிலேயே நல்ல குதிரையும் வண்டியும் அவருடையவை. வருமானத்துக்கு அதிகமான சொத்து என்று கேஸ் போட அன்றைக்கு ஆளில்லை, அவ்வளவுதான்.

தொழில் வட்டிக்கு விடுவது. நவாபுக்குக் கம்பெனிப் படை வேண்டும். படைக்கான செலவைக் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். கையில் காசில்லை. கம்பெனி உத்தியோகஸ்தர்கள் தனிப்பட்ட முறையில் கடன் கொடுப்பார்கள். நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து வட்டி. ஆத்திர அவசரத்துக்கு அதற்கும் மேலே. அடமானம் நகை இல்லை, ஜில்லா. இந்தச் சீமையின் வரி இத்தனை வருஷத்துக்கு இன்னாருக்கு என்று சீட்டு எழுதிவிடுவார் நவாப். சீட்டோடு போகிற ஆள் களத்துமேட்டிலேயே நின்று வசூலிப்பான். கொடுத்தவர், வாங்கியவர் இருவரும் சௌக்கியம். உழுதவனைப் பற்றிச் சீட்டில் ஒன்றும் எழுதியிருக்காது.

1773-இல் நவாப் கம்பெனிப் படையை வைத்துத் தஞ்சாவூரைப் பிடித்தார். லண்டன் தலைமை அதை ராஜா துளஜாவிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, ஜார்ஜ் பிகட் பிரபுவைக் கவர்னராக அனுப்பியது. 1776-இல் அவர் தஞ்சாவூரைத் திருப்பிக் கொடுத்ததுதான் தாமதம், பென்ஃபீல்டு வந்து நின்றார். தஞ்சாவூர் வருவாயில் நவாப் எழுதிக் கொடுத்த வகையில் 1,62,000 பவுண்டு, குடிகளிடம் வர வேண்டியது 72,000 பவுண்டு, போதாததற்கு வயலில் நிற்கிற பயிரிலும் பாத்தியதை.

சென்னைக் கவுன்சில் ரசீது கேட்டது. நவாபே ஒப்புக்கொள்வார், கேட்டுப்பாருங்கள் என்றார் பென்ஃபீல்டு. கவுன்சில் கோரிக்கையைத் தள்ளியது. சில நாளில் பெரும்பான்மை உறுப்பினர்களுக்கு ஞானோதயம் உண்டாகி, மறுபடி விவாதித்து, பென்ஃபீல்டு பக்கம் சாய்ந்தார்கள். நடுவில் என்ன நடந்தது என்பதை நம் ஊர் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பிகட்டும் சும்மா இல்லை. எதிரணியில் இரண்டு பேரைச் சஸ்பெண்ட் செய்து, தன் ஓட்டையும் போட்டுப் பெரும்பான்மையை வரவழைத்துக்கொண்டார். எதிரணியினர் எண்ணிக்கை விளையாட்டை அத்தோடு நிறுத்திவிட்டு ஆளையே தூக்க முடிவு செய்தார்கள். 1776 ஆகஸ்ட் 24 அன்று கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், பிகட்டோடு காலைச் சிற்றுண்டி சாப்பிட்டார். பகல் விருந்தும் சாப்பிட்டார். மாலையில் கவர்னர் வண்டியிலேயே பக்கத்தில் உட்கார்ந்து போனார். கோட்டையைத் தாண்டியதும் சிப்பாய்கள் வண்டியை மறித்தார்கள். இறங்குங்கள் என்றார் ஸ்டூவர்ட். கவர்னரைப் பரங்கிமலைக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த மே மாதம் காவலில் இருந்தபடியே பிகட் இறந்தார். சதியில் இருந்த நான்கு கவுன்சிலர்களுக்கு லண்டனில் தலைக்கு ஆயிரம் பவுண்டு அபராதம். அந்த ஆட்களுக்கு அது சில்லறை.

பென்ஃபீல்டை ஊருக்கு வரச் சொன்னார்கள். வந்தார். 1780 தேர்தலில் கிரிக்லேட்டை வாங்கினார். அந்தத் தேர்தல் செப்டம்பர், அக்டோபரில் நடந்தது. அதே செப்டம்பர் 10-ஆம் தேதி காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் ஹைதர் அலியின் படை கம்பெனியின் கர்னல் பெய்லி படையைத் துவைத்து எடுத்தது. நவாபின் கர்நாடகச் சீமை பற்றி எரிந்த அந்த வாரங்களில்தான், அந்தச் சீமையில் கறந்த பணம் வில்ட்ஷயரில் கையிலிருந்து கைக்கு மாறிக்கொண்டிருந்தது. தன்னையும் சேர்த்து எட்டு எம்.பி.க்களை பென்ஃபீல்டு பாராளுமன்றத்துக்குள் அனுப்பினார் என்பது சக எம்.பி. எட்மண்ட் பர்க்கின் கணக்கு. நவாபுக்கு வேறு ஆட்களும் இருந்தார்கள். ஜேம்ஸ் மெக்பெர்சன் கேம்ல்ஃபோர்டு எம்.பி. ஆனதும் 1780-இல்தான். ஒசியன் என்ற பழங்காலக் கவிஞரின் பாட்டு என்று சொல்லிச் சொந்தச் சரக்கை ஐரோப்பா முழுக்க விற்றவர். இல்லாத கடனை இருப்பதாக வாதாட இதைவிடப் பொருத்தமான ஆள் எங்கே கிடைப்பார்?

எம்.பி. ஆன மறு வருஷமே பென்ஃபீல்டு சென்னைக்குத் திரும்பிவிட்டார். பழைய வேலை, பழைய வட்டி. சபையில் ஓட்டுப் போடுவதென்றால் ஒரு தரப்பு எழுந்து வெளியே போக வேண்டும், மறு தரப்பு உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும், தலையை எண்ணுவார்கள். பென்ஃபீல்டின் தலை சோழமண்டலக் கரையில் இருந்தது. யார் எந்தப் பக்கம் நின்றார் என்று சபையே பட்டியல் வெளியிட ஆரம்பித்தது 1836-இல்தான். ஆகவே வாக்களிப்புப் பதிவேட்டைப் புரட்டி அவரைக் குறை சொல்ல வழியே இல்லை.

அவருக்காக மற்றவர்கள் போட்ட ஓட்டுதான் முக்கியம். 1784-இல் பிரதமர் இளைய பிட்டின் அரசு ஒரு முடிவெடுத்தது: நவாபின் பழைய கடன்களை விசாரிக்காமலேயே கர்நாடக வருவாயிலிருந்து அடைக்க வேண்டியது. தேர்தல் உதவிக்குக் கைம்மாறு என்றார் பர்க். (பிட்டின் கொள்ளுத்தாத்தா தாமஸ் பிட் சென்னைக் கவர்னராக இருந்து, ஒரு பெரிய வைரம் வாங்கி விற்றே குடும்பத்தை நிமிர்த்தியவர். பூர்வீகப் பாசம் இருக்காதா?) 1785 பிப்ரவரி 28 இரவு பர்க் எழுந்தார். தஞ்சாவூர், வாய்க்கால், ஏரி, பஞ்சம், வட்டி, பென்ஃபீல்டு என்று மணிக்கணக்கில் பொரிந்து தள்ளினார். பிட்டும் அவருடைய சகா கிரென்வில்லும் காதோடு காது பேசிக்கொண்டு, இதற்குப் பதிலே வேண்டாம் என்று முடிவு கட்டினார்கள். வேண்டியிருக்கவும் இல்லை: பர்க் தரப்புத் தீர்மானத்துக்கு ஆதரவு 69, எதிர்ப்பு 164.

ரசீது கேட்கமாட்டார்கள் என்ற செய்தி பரவினால் என்ன ஆகும்? நவாப் பெயரில் கடன்கள் மழைக்காளான் மாதிரி முளைத்தன. 1801-இல் கம்பெனி கர்நாடகத்தையே எடுத்துக்கொண்ட பிறகு, 1805-இல் விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். கமிஷன் வருஷக்கணக்காக உட்கார்ந்து, வந்த கோரிக்கைகளில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையில்லை என்று கண்டது.

பென்ஃபீல்டு ஊர் திரும்பி மால்ம்ஸ்பெரி எம்.பி. ஆனார், பிறகு ஷாஃப்ட்ஸ்பெரி எம்.பி. வால்டர் பாய்ட் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து, பிரெஞ்சுப் போருக்கு அரசாங்கத்துக்கே கடன் திரட்டிக் கொடுத்தார். 1796-இலிருந்து ஷாஃப்ட்ஸ்பெரியின் இரண்டு எம்.பி.க்களும் இந்தக் கூட்டாளிகளே. ஆனால் லண்டன் கடைவீதியில் நவாப்கள் இல்லை. 1800 வாக்கில் இந்தக் கூட்டாளிகளின் கம்பெனி படுத்துவிட்டது. கடனுக்காக எம்.பி.யைப் பிடித்து உள்ளே போட முடியாது என்பது அந்தக் காலத்துச் சலுகை. பதவி 1802-இல் முடிந்தது.

1810-இல் பாரிசில், கையில் காசில்லாமல் செத்துப்போனார். அங்கிருந்த ஆங்கிலேயர்கள் சிலர் வசூல் போட்டு அடக்கம் செய்தார்கள். வட்டி ஏதும் கேட்கவில்லை.